கண்களும் நாற்காலியும்

பருத்தித்துறை வீதி கோப்பாயைத் தாண்டி நீர்வேலிக்குள் நுழைந்தால் இருபக்கமும் செம்மண் தோட்டங்கள். வாழைக்குலைக்குப் பேர்போன ஊர். 1981 மார்ச் 25ஆம் திகதி இங்கேதான் மக்கள் வங்கியின் பணம் ஏற்றிவந்த வாகனம் மறிக்கப்பட்டது. காவலுக்கு வந்த பொலிஸார் இருவர் கொல்லப்பட்டார்கள். எண்பது இலட்சம் ரூபாய்க்குக் கிட்டிய தொகை பறிபோனது. இலங்கை அதுவரை காணாத கொள்ளை அது.

பதினொரு நாள் கழித்து, வடமராட்சியின் மணற்காட்டுக் கரையில், அந்தக் கொள்ளைக்காகத் தேடப்பட்டு, தமிழ்நாட்டுக்குப் படகேறக் காத்திருந்தவர்கள் பிடிபட்டார்கள். தமிழீழ விடுதலை இயக்கமான ரெலோவின் தலைவர் தங்கத்துரையும் அவருடைய தோழர் குட்டிமணியும் அவர்களில் அடக்கம். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குட்டிமணியின் சொந்தப் பெயர் செல்வராசா யோகச்சந்திரன்.

வழக்குகள் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நடந்தன. தடுப்புக்காவலில் மூத்த பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியாக ஏற்கும் சட்டம் அது. பொலிஸ்காரர் ஒருவரின் கொலை வழக்கில் 1982 ஆகஸ்டில் குட்டிமணிக்கும் அவருடைய இன்னொரு தோழர் ஜெகனுக்கும் மரண தண்டனை கிடைத்தது. தூக்கிலிட்டபின் தன் கண்களைப் பார்வையற்ற ஒருவருக்குக் கொடுக்கும்படியும், அவற்றின் வழியே தமிழீழத்தைக் காண வேண்டும் என்றும் குட்டிமணி மன்றில் கேட்டுக்கொண்டார்.

1976க்குப் பிறகு இலங்கை யாரையும் தூக்கிலிடவில்லை. குட்டிமணிக்குச் சாவு வேறு வழியில் வந்தது. 1983 ஜூலை 25ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் சிங்களக் கைதிகள் தாக்கியதில் தங்கத்துரை, குட்டிமணி, ஜெகன் உட்பட 35 தமிழ்க் கைதிகள் இறந்தார்கள். இரண்டு நாளில் இன்னும் 18 பேர். குட்டிமணியின் கண்கள் பிடுங்கப்பட்டன என்று உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள். இந்த 53 கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அன்றுமுதல் குட்டிமணி என்றதும் தமிழருக்கு நினைவில் வருவது அந்தக் கண்கள்தான். ஆனால் அவரோடு சேர்ந்த இன்னொரு சின்னத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அது ஒரு பாராளுமன்ற நாற்காலி.

1982இல் வட்டுக்கோட்டை உறுப்பினர் திருநாவுக்கரசு காலமானார். தனிநாட்டுத் தீர்மானம் 1976இல் நிறைவேறியது அந்தத் தொகுதியில்தான். வெற்றிடத்துக்குத் தமிழர் விடுதலைக் கூட்டணி முன்மொழிந்த பெயர், மரண தண்டனைக் கைதியான குட்டிமணியுடையது. பெயர் வர்த்தமானியில் வந்தது. பதவிப் பிரமாணம் எடுக்க அவரைச் சிறையிலிருந்து வெளியே விடவில்லை. உட்காராத நாற்காலியை 1983 தொடக்கத்தில் அவர் துறந்தார். அதற்கு அடுத்து வந்தவர் சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம். பேச்சுவார்த்தையிலும் அரசியலமைப்புத் தீர்விலும் நம்பிக்கை வைத்திருந்த அவரை 1999 ஜூலை 29இல் கொழும்பில் விடுதலைப் புலிகளின் தற்கொலைக் குண்டுதாரி கொன்றார். துப்பாக்கி எடுத்தவரும் சட்டப் புத்தகம் எடுத்தவரும் ஒரே ஆசனத்துக்கு அடுத்தடுத்து வந்தவர்கள். இருவரும் ஜூலை மாதத்திலேயே கொல்லப்பட்டார்கள்.

குட்டிமணி விட்டுப்போன இயக்கத்தின் கதையும் வெலிக்கடையோடு முடியவில்லை. 1986இல் புலிகள் ரெலோவை ஏறத்தாழ அழித்தார்கள். தலைவர் சிறீ சபாரத்தினம் மே 6ஆம் திகதி கோண்டாவிலில் கொல்லப்பட்டார். நீர்வேலியிலிருந்து அது அதிகத் தூரமில்லை.

ஜூலை வந்தால் வெலிக்கடைக்கு விளக்கேற்றுகிறோம், ஏற்றத்தான் வேண்டும். அரசு வழங்காத நீதிக்கு அந்த நினைவு ஒன்றுதான் சாட்சி. ஆனால் கண்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால், குட்டிமணி வன்முறைக்கு இரையானவராக மட்டும் மிஞ்சுவார். அவர் வன்முறையைத் தேர்ந்தெடுத்தவரும்கூட. நீர்வேலியில் செத்த இரண்டு பொலிஸாருக்கும் வீட்டில் ஆட்கள் இருந்திருப்பார்கள். குட்டிமணியைத் தியாகி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள், அந்த இருவரையும், கோண்டாவிலில் தமிழர் கையாலேயே விழுந்த சபாரத்தினத்தையும், நாற்காலியின் அடுத்த சொந்தக்காரரையும் சேர்த்தே சொல்லட்டும். அப்படிச் சொன்னால் குட்டிமணியின் பெருமை குறைந்துவிடும் என்று பயப்படுவோர் உண்டு. உண்மை சொன்னால் குறைந்துபோகும் பெருமையை நாற்பது வருடமாக ஏன் சுமக்கிறோம் என்று அந்தப் பிள்ளைகள் ஒருநாள் கேட்கத்தான் போகிறார்கள்.