உங்களுக்குத் தெரியுமா? மைலேஜ் கூட்டும் கருவிகள் சோதனையில் தேறினவா?

● பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், காற்றைச் சுழற்றிவிடும் விசிறி, டேங்கில் ஊற்றும் திரவம்... இப்படி 100-க்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்தோ ஆராய்ந்தோ பார்த்திருக்கிறது. பலன் தந்தவை மிகச் சிலவே, அதுவும் சொற்பம்.

● சோதனை நடப்பது சாலையில் அல்ல, ஆய்வுக்கூட உருளைகளின் மேல். காரை முதலில் 12 மணி நேரமாவது நிறுத்தி ஆறவிடுவார்கள். திரையில் ஓடும் வேகக்கோட்டை ஓட்டுநர் நொடிக்கு நொடி பின்பற்ற வேண்டும். வெளியேறும் புகையைப் பைகளில் பிடித்து, அதிலுள்ள கார்பனை அளந்து, எரிந்த பெட்ரோலைக் கணக்கிடுவார்கள். கருவி இல்லாமலும் மாட்டியும் ஓட்டி, இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

● “எரியாமல் வீணாகும் பெட்ரோலை எரிக்கும்” என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். நல்ல நிலையில் உள்ள இன்றைய இன்ஜின், உள்ளே போகும் பெட்ரோலில் ஏறக்குறைய முழுவதையும் எரித்துவிடுகிறது. பெரிய இழப்பு வெப்பமாகத்தான் போகிறது.

● “மாட்டியதும் மைலேஜ் கூடியது” என்பவர்கள் பொய் சொல்வதில்லை. புதுக் கருவி மாட்டியவர் ஆக்சிலரேட்டரைத் தன்னையறியாமல் மெதுவாக மிதிக்கலாம். டேங்க் நிரம்பும் அளவும் ஒவ்வொரு முறையும் மாறும். போக்குவரத்து, வெயில், ஏசி எல்லாமே கணக்கை மாற்றும்.

● மைலேஜைக் காக்க எளிய வழி உண்டு. டயரில் காற்று குறைந்தால் மைலேஜும் குறையும். மாதம் ஒருமுறை காற்றைச் சரிபாருங்கள்; சீராக ஓட்டுங்கள். கருவிக்குக் கொடுக்கும் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.