இறந்ததாக நம்பிய கணவர் போனில்... சிட்னியை உலுக்கிய இலங்கைத் தமிழ்க் குடும்ப நாடகம் பற்றி தெரியுமா?

1983-ல் இறந்துவிட்டதாக ராதா நம்பிய கணவர் உயிரோடு இருக்கிறார். 21 வருஷம் கழித்து, கொழும்பிலிருந்து சிட்னிக்கு வரும் ஒரு போன்காலில்தான் அவருக்கே இது தெரியும். ‘கவுண்ட்டிங் அண்ட் கிராக்கிங்’ நாடகம் சூடுபிடிக்கிறது இங்கேதான்.

எழுதியவர் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இலங்கைத் தமிழர் எஸ்.சக்திதரன். 2019-ல் சிட்னி டவுன்ஹாலில் முதல் மேடையேற்றம். மூன்றரை மணி நேரம், நான்கு தலைமுறைக் கதை.

தலைப்புக்கு என்ன அர்த்தம்? கவுண்ட்டிங் என்றால் தேர்தலில் தலைகளை எண்ணுவது. அது பலிக்காமல் போனால் தலைகளை உடைப்பதுதான் கிராக்கிங்! இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்த 1956-லிருந்தே கதை நகர்கிறது.

சரி, தமிழ் தெரியாத ரசிகர்களுக்கு எப்படிப் புரியும்? ஒருவர் தமிழிலோ சிங்களத்திலோ பேசுவார். மேடையிலேயே இன்னொரு நடிகர் அதை இங்கிலீஷில் சொல்லுவார். ஒரே மொழி என்ற சட்டம் கிளப்பிய பிரிவினையின் கதையை, இப்படிப் பல மொழிகளை ஒன்றாகப் பேசவிட்டே சொல்கிறார்கள். விருதுகளைவிட இதுதான் பெரிய விஷயம்.

விருதுக்கும் குறைச்சல் இல்லை. 2019-ல் 7 ஹெல்ப்மன் விருதுகள், 2020-ல் விக்டோரியன் இலக்கியப் பரிசு. 2022-ல் எடின்பரோ போனது, 2024-ல் நியூயார்க்.