நொய்யல் கரையிலும் நிலம் நடுங்கும்

திருப்பூரில் தரை அதிர்வது செய்தியன்று. அண்மையில் நண்பர் ஒருவரின் நிட்டிங் கூடத்தில், இரண்டாம் மாடியில் அமர்ந்திருந்தேன். வட்டப் பின்னல் இயந்திரங்கள் சுழன்ற வேகத்தில் மேசை மேலிருந்த தேநீர் மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. பேச்சு எப்படியோ நிலநடுக்கத்தின் பக்கம் திரும்பியது. "அதெல்லாம் குஜராத், நேபாளம் பக்கந்தானுங்க. நம்மூர் பாறை பூமிங்க, வராதுங்க" என்றார் அவர்.

வந்திருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அன்று, விடியலுக்கு முந்தைய இருளில், கோவை வட்டாரத்தை மையமாகக் கொண்டு நிலம் நடுங்கியது. அதன் அளவு ஏறத்தாழ 6 எனப் பின்னாளில் மதிப்பிட்டனர். தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. திருப்பூர் அன்று கோவை மாவட்டத்துக்குள் அடங்கிய ஊர். தனி மாவட்டமானது 2009-இல்தான். எனவே இதை அடுத்த வீட்டுக் கதையாகக் கேட்டுவிட்டுப் போக நமக்கு வழியில்லை.

பாறை பூமி ஏன் நடுங்க வேண்டும்? நாம் நிற்கும் கண்டத்தின் மேலோடு சுமார் 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன் உடையது. பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இடையே 2,900 கிலோமீட்டர் வரை சூடான பாறையாலான மூடகம். அதற்குக் கீழே உருகிய இரும்பாலான புறக்கருவம். நடுவில் திண்மமான உட்கருவம். எவரும் தோண்டிப் பார்த்து இதை அறியவில்லை. நிலநடுக்க அலைகளே சொல்லிக் கொடுத்தன. 1897 அஸ்ஸாம் பெருநடுக்கத்தை ஆராய்ந்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஓல்டாம். அலைகளின் வகைகளைப் பிரித்தறிந்த அவர், 1906-இல் பூமிக்குக் கருவம் உண்டென்று காட்டினார். உட்கருவத்தை 1936-இல் கண்டறிந்தவர் டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற பெண்மணி.

மேலோடும் மூடகத்தின் மேற்பகுதியும் சேர்ந்த தட்டுகள் நகர்ந்தவண்ணம் உள்ளன. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. இமயமலை எழுந்தது அந்த மோதலில்தான். முட்டுவது வடக்கே என்றாலும், நெருக்கம் தட்டு முழுவதும் பரவுகிறது. பாறை அதைத் தாங்கி, கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து, தாங்க முடியாத ஒரு கணத்தில் பழைய பிளவு ஒன்றின் வழியே சட்டென வழுக்குகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றலே அலையாக நம்மை வந்தடைகிறது.

பழைய பிளவு என்றேன். பனியனை இரு கைகளால் பிடித்து இழுத்தால் அது முதலில் விடுவது பெரும்பாலும் தையலில். நிலத்திலும் அத்தகைய தையல்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிழக்கே காவிரி நோக்கி ஓடும் பெயர்ச்சி மண்டலம் அவற்றுள் ஒன்று. 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. நம் நொய்யல் பாய்வதும் இந்த வட்டாரத்தில்தான். இமயத்தைப் போல அடிக்கடி இங்கே நடுங்காது என்பது உண்மை. ஆனால் 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் சுமார் 10,000 பேரைப் பலிகொண்ட நடுக்கமும் தக்காணத்தின் கெட்டிப் பாறையில் நேர்ந்ததே. அன்றைய வரைபடத்தில் அது அபாயம் மிகக் குறைந்த மண்டலம்.

என் கவலை பாறையைப் பற்றியதன்று, அதன் மேல் நாம் எழுப்பியிருப்பதைப் பற்றியது. 2001 ஜனவரி 26 புஜ் நடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றுள் பல, கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்துவிட்டு, சுவர்களையெல்லாம் மேலே வைத்துக் கட்டப்பட்டவை. அசைவு வரும்போது மேல்தளங்கள் ஒரே பெட்டியாக நிற்க, திறந்த தளத்தின் தூண்களே எல்லா வளைவையும் வாங்கிக்கொண்டு ஒடிகின்றன. திருப்பூரின் தெருக்களில் நடந்து பாருங்கள்: கீழே சரக்கேற்றும் வேனுக்கான இடம், மேலே தையல், அதற்கும் மேலே செக்கிங், பேக்கிங். ஆர்டர் கூடினால் இன்னொரு மாடி. அங்கே துணி ரோல்கள் கூரையை முட்ட அடுக்கப்படும். பாதிப் படிக்கட்டை அட்டைப் பெட்டிகள் அடைத்திருக்கும். 1900-இல் ஊர் உறங்கிய அந்த நேரத்தில் இன்று இரவு ஷிப்டு நடக்கிறது.

கோயம்புத்தூர் இந்தியத் தர நிர்ணயத்தின் 2002 வரைபடத்தில் மூன்றாம் மண்டலம். அந்த மண்டலத்தில் கான்கிரீட் கட்டடத் தூண்களின் கம்பி வளையங்கள் எப்படி முடிய வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. நுனி செங்கோணமாக நின்றுவிடாமல், 135 பாகைக்கு வளைந்து தூணின் உள்ளே செல்ல வேண்டும். இல்லையேல் குலுக்கத்தில் மேற்பூச்சு உதிர்ந்ததும் வளையம் விரிந்துவிடும். தூணின் கம்பிகள் பிதுங்கும். கூடுதல் செலவு மிகச் சொற்பம்.

நண்பரின் கூடத்திலிருந்து திரும்பும் வழியில், புதிதாக எழும் ஒரு கட்டடத்தின் முன் நின்றேன். கம்பி கட்டும் பெரியவர் வளையங்களைச் செங்கோணத்திலேயே முடித்துக்கொண்டிருந்தார். இன்னும் உள்ளே வளைக்க முடியாதா என்று கேட்டேன். "வளைக்கலாமுங்க, ஒண்ணும் கஷ்டமில்லீங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க" என்றார்.