நூறுக்குப் பக்கத்தில் ஒரு ஒன்று

பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரே ஆட்டத்தில் ஒரே ஆள் நூறு புள்ளி எடுத்தாராம், பயிற்சியாளர் சொன்னாராம். இவர் வீடியோ தேடிப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. ‘படமே இல்லாததை எப்படி சார் நம்புவது?’ என்று கேட்கிறார்.

கேள்வி நியாயமானது. 1962 மார்ச் 2 இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சாக்லேட்டுக்குப் பெயர்போன ஹெர்ஷி என்ற ஊரில் நடந்த ஆட்டம் அது. ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸும் நியூயார்க் நிக்ஸும் மோதின. கூட்டம் 4,124 பேர்தான். தொலைக்காட்சி வரவில்லை. மிஞ்சியிருப்பது ஒரு கணக்குத் தாள். பாக்ஸ் ஸ்கோர் என்பார்கள்.

தாளை நம்பலாமா? என் தாய்மாமா எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மொய் எழுதுவார். பத்து வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரூபாய் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். பந்தி முடிந்ததும் நோட்டைக் கூட்டுவார். பெட்டியில் இருக்கும் பணத்தோடு ஒத்துப் பார்ப்பார். ஐந்து ரூபாய் உதைத்தாலும் எழுந்திருக்க மாட்டார். பாக்ஸ் ஸ்கோரும் அப்படித் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் கணக்குதான். நீங்களே பென்சிலை எடுங்கள். நூறு எடுத்த வாரியர்ஸ் ஆட்டக்காரர் வில்ட் சேம்பர்லெயின் கூடையை நோக்கி எறிந்தது 63, விழுந்தது 36. மூன்று புள்ளிக் கோடு இந்த அணிகள் ஆடிய லீகுக்கு 1979இல்தான் வந்தது. ஆகவே விழுந்ததெல்லாம் இரண்டிரண்டு, 72. ஃப்ரீ த்ரோ 32க்கு 28. நூறு. கால்வாசி கால்வாசியாகப் பார்த்தால் 23, 18, 28, 31. அதுவும் நூறு. இனி மற்றவர்களைச் சேருங்கள்: ஆட்டில்ஸ் 17, அரிசின் 16, மெஷரி 16, ராட்ஜர்ஸ் 11, லாரீஸ் 9. மொத்தம் 169. எதிரணிக்கு 147.

அந்த 28 ஃப்ரீ த்ரோவில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பருவம் முழுவதிலும் பத்துக்கு ஆறுதான் அவருக்கு விழுந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் முழங்காலுக்குக் கீழிருந்து தூக்கி எறிவார். அன்றைக்கு அது வாய்த்துவிட்டது.

ஆனால் நான் அந்தத் தாளை எப்போது எடுத்தாலும் கண் போய் நிற்பது வேறு வரியில். ஜோ ருக்லிக். வாரியர்ஸின் மாற்று ஆட்டக்காரர். புள்ளி பூஜ்யம். விழுந்த கூடை பூஜ்யம். இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தும் இரண்டும் தவறின. அசிஸ்ட் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு 1.

அசிஸ்ட் என்பது கூடையில் விழவைத்த பாஸ். அந்த ஒன்று எது தெரியுமா? கடைசி நிமிடம். சேம்பர்லெயின் 98இல் நிற்கிறார். ஒரு எறி தவறுகிறது. திரும்பி வந்த பந்தைப் பிடித்த சக ஆட்டக்காரர் லக்கன்பில் ருக்லிக்கிடம் தள்ளுகிறார். ருக்லிக்கும் எறிந்து பார்த்திருக்கலாம். அவர் கணக்கில் அன்று ஒரு கூடைகூட இல்லை. பந்தை உள்ளே, சேம்பர்லெயினுக்குக் கொடுத்தார். நூறு. கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. ருக்லிக் போனது கணக்கெழுதும் மேசைக்கு. தன் அசிஸ்ட் ஏறிவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ள.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நினைப்பவர்கள் மொய் மேசைப் பக்கம் உட்கார்ந்ததில்லை. நூற்றொன்று வைத்தவர் நோட்டைப் பார்க்காமலே பந்திக்குப் போவார். பதினொன்று வைத்தவர்தான் நின்று, எட்டிப் பார்த்து, இனிஷியல் சரியா என்று கேட்டுவிட்டு நகர்வார். அவருக்கு அந்த ஒரு வரிதான் தான் வந்துபோனதற்கான சாட்சி. மாமா அவருக்காகப் பேனாவை நிறுத்தி, நோட்டைத் திருப்பிக் காட்டுவார்.

ஹெர்ஷியில் பேனா ஹார்வி பொல்லாக் கையில் இருந்தது. அணியின் செய்தித் தொடர்பாளர் அவர், கணக்கெழுதுபவரும் அவரே, செய்தி நிறுவனங்களுக்கும் ஒரு நாளிதழுக்கும் அன்றைய ஆட்டத்தை எழுதி அனுப்பியவரும் அவரே. ஆட்டம் முடிந்ததும் ஒரு தாளில் 100 என்று எழுதி சேம்பர்லெயின் கையில் கொடுத்தார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். லீக் தொடங்கிய 1946 முதல், 93 வயதில் 2015இல் இறக்கும்வரை பொல்லாக் இந்த வேலையை விடவில்லை.

இத்தனை கவனமான தாளிலும் சில கட்டங்களே இல்லை. எதிராளியின் எறியைத் தட்டிவிட்டால் பிளாக், பந்தைப் பறித்தால் ஸ்டீல். இரண்டையும் அந்த லீக் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். சேம்பர்லெயின் அங்கே ஆடிய கடைசிப் பருவம் 1972-73. ஏழடி ஓரங்குல மனிதர் பதினான்கு பருவங்கள் தட்டிவிட்ட எறிகளுக்கு அதிகாரபூர்வக் கணக்கு ஒன்றுகூடக் கிடையாது. முதல் நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து காய் நறுக்கியவர்களுக்கும் மொய் நோட்டில் இடமில்லை. கட்டம் போடாத உழைப்பு, பார்த்தவர்களோடு போய்விடுகிறது.

நம்மூர்ப் போட்டிகளை நினைத்தால் மனம் கனக்கிறது. கல்லூரி நாட்களில் இரண்டு வருடம் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வெயிலில், ஆடும் மேசையில், ஆள் ஆளாக ஃபவுலும் புள்ளியும் குறித்த தாள்கள். சில மாதம் கழித்து ஒரு வீரருக்குச் சான்றிதழ் தேவைப்பட்டுத் தேடிப்போனேன். பழைய பேப்பர் கடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். கோப்பைகள் மட்டும் கண்ணாடி அலமாரிக்குள் பத்திரமாக இருந்தன. கோப்பை அணியின் பெயரைச் சொல்லும். கடைசிப் பாஸ் கொடுத்த பையனின் பெயரை அந்தத் தாள்தானே சொல்லும்? வைத்திருக்க ஒரு கோப்பும் ஒரு இழுப்பறையும் போதும்.

வாசகிக்கு ஒரு நல்ல செய்தியோடு முடிக்கிறேன். படம்தான் இல்லை, குரல் இருக்கிறது. கடைசிக் கால்பகுதியின் வானொலி வர்ணனையை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேடிக் கேளுங்கள். அறிவிப்பாளர் பில் கேம்ப்பெல் நூறைக் கூவுவதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால், ருக்லிக் என்ற பெயர் காதில் விழும்.