குழலுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

அமெரிக்காவில் ரைஃபிளைக் கடையில் முழுதாக வாங்காமல், பாகம் பாகமாக வாங்கித் தனக்கு ஏற்றபடி சேர்த்துக்கொள்வது பலருக்கும் பழக்கமான காரியம். இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்களிடையே இது இன்னும் அதிகம். அங்குள்ள சட்டமும் இதற்கு வழிவிடுகிறது. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கூட்டரசின் கணக்கில் ‘துப்பாக்கி’ என்பது போல்ட்டும் விசையும் பொருந்துகிற ரிசீவர் என்ற நடுப்பகுதிதான். குழலை உதிரிபாகமாகவே வாங்கலாம். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாகங்களையும் ஆயுதத்தோடு சேர்த்தே கணக்கிடுகிறது. ஆகவே இங்கே உரிமமில்லாமல் குழலைத் தனியாக வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. அமெரிக்கச் சந்தையில் ஏறக்குறைய 200 டாலரில் தொடங்கி, பொருத்தும் கூலியோடு 800 டாலரையும் தாண்டிக் குழல்கள் கிடைக்கின்றன. கையில் அளவான பணம் உள்ளவர் இதில் எதை எடுப்பது? ‘ரைஃபிளுக்கு உயிரே குழல்தான், அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதே’ என்பது அங்கே காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. அதில் பாதிதான் உண்மை. நடுத்தர விலைக் குழலைத் தேர்ந்து, மிஞ்சும் பணத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குகிறவர்தான் பெரும்பாலும் நன்றாகச் சுடுவார். இதைக் கணக்கோடு காட்ட முடியும்.

முதலில் மனத்தில் வைக்க வேண்டியது, குழல் தேய்ந்துபோகும் பொருள் என்பது. காருக்கு டயர் எப்படியோ, போட்டி ரைஃபிளுக்குக் குழல் அப்படி. .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் ஆகிய இரண்டு தோட்டாக்களுக்கும் அமெரிக்கத் தொழில்துறை வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் எரியும் வாயு, குழலின் உட்சுவரில் சுழன்று ஓடும் புரிகளுக்குள் குண்டு நுழைகிற ‘தொண்டை’ப் பகுதியை ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. எஃகின் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன, புரிகளின் தொடக்கம் முன்னே நகர்ந்துகொண்டே போகிறது, ஒரு கட்டத்தில் குறி சிதறத் தொடங்குகிறது. அரிப்பின் வேகத்தைக் குழலின் விலை அதிகம் மாற்றுவதில்லை. அதைத் தீர்மானிப்பது தோட்டாவின் வகை. குறுகிய துளைக்குள் எவ்வளவு அதிக மருந்து எரிகிறதோ, அவ்வளவு சீக்கிரம் தொண்டை போகும். 1952-இல் வந்த .308 வின்செஸ்டரில் ஒரு குழல் 5,000 சூடுவரை தாங்குவது சாதாரணம். 2007-இல் வந்த 6.5 கிரீட்மோரில் 2,000 முதல் 3,000 வரை எதிர்பார்க்கலாம். வேகத்துக்குப் பேர்போன 6 மில்லிமீட்டர் தோட்டாக்களில் 1,500 சூட்டிலேயே குழலை மாற்றுகிறவர்கள் உண்டு. சிக்கனம் வேண்டுமென்றால், குழலின் விலையைப் பார்ப்பதற்கு முன்பே தோட்டாவைச் சரியாகத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். பெயர்பெற்ற பட்டறையிலிருந்து வெறும் குழல் மட்டும் சுமார் 400 டாலர். அதில் தோட்டா அறையை வெட்டி, மரை போட்டு ரிசீவரில் பொருத்த கன்ஸ்மித் எனப்படும் துப்பாக்கித் தொழிலாளருக்கு இன்னொரு 400. ஆக 800. அறை வெட்டி, மரை போட்டு, மாட்டுவதற்குத் தயாராக வரும் நடுத்தரக் குழல் சுமார் 350. இரண்டும் 2,500 சூடு தாங்கும் என்று வைத்துக்கொண்டால், முன்னதில் ஒரு சூட்டுக்கு 32 சென்ட், பின்னதில் 14 சென்ட். போட்டித் தரமுள்ள தோட்டா ஒன்றுக்கு ஒன்றரை டாலர் என்று வைத்தால், அதே 2,500 சூட்டுக்குத் தோட்டாச் செலவு மட்டும் 3,750 டாலர். இதைப் பார்த்து ஒருவர் நியாயமாகவே மடக்கலாம்: ‘தோட்டாவுக்கு இவ்வளவு கொட்டும்போது, சூட்டுக்கு 18 சென்ட் கூடுதல் ஒரு பொருட்டா? உயர்ந்த குழலையே வாங்கிவிடலாமே?’ இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அந்த 18 சென்ட்டுக்கு இலக்கில் ஏதாவது தெரிந்தால் அது மலிவுதான். தெரியாவிட்டால், இரண்டு குழல்களுக்கும் இடையிலான 450 டாலர் 300 தோட்டாக்களுக்குச் சமம், அதாவது பல நாள் பயிற்சி. ஆகவே இலக்கில் என்ன தெரிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விலை ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் புரி போடும் முறை. பழைய முறையில், ஒரு சிறிய வெட்டுக் கருவி துளைக்குள் திரும்பத் திரும்ப ஓடி, ஒவ்வொரு ஓட்டத்திலும் கண்ணுக்கே தெரியாத அளவு உலோகத்தைச் சுரண்டி எடுக்கும். ஒரு குழலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீகர், பார்ட்லைன் பட்டறைகள் இந்த முறைக்குப் பேர்போனவை. உலோகத்தை அழுத்தாமல் வெட்டுவதால் எஃகில் புதிய இறுக்கம் ஏறுவதில்லை. புரி சுழலும் வேகமான முறுக்கின் அளவையும் மிகத் துல்லியமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, ‘பட்டன்’ முறை. புரியின் வடிவம் செதுக்கிய டங்ஸ்டன் கார்பைடு குமிழைத் துளை வழியே ஒரே இழுப்பில் இழுப்பார்கள், அல்லது தள்ளுவார்கள். ஒரு நிமிடம்போல ஆகும். இங்கே உலோகம் வெட்டப்படுவதில்லை, நசுங்கி ஒதுங்குகிறது. அதனால் எஃகில் இறுக்கம் தங்கிவிடும். அதைச் சூடாக்கித் தணிக்காமல் விட்டால், பிறகு வெளிப்புறத்தைக் கடையும்போது துளையின் அளவு இடத்துக்கு இடம் மாறிப்போகும். நல்ல பட்டறைகள் அதைத் தணித்த பிறகு, ஈயக் கட்டியில் உராய்வுப் பொடி பூசி உட்புறத்தைக் கையாலேயே மெருகேற்றுகின்றன. மூன்றாவது, உள்ளே அச்சுத் தண்டை வைத்துச் சுற்றிலும் சம்மட்டிகளால் அடித்து வடிக்கும் முறை. அதற்கான இயந்திரம் மிகவும் விலை கூடியது என்பதால் பெரிய தொழிற்சாலைகளுக்கே கட்டுப்படியாகும். இந்த விவரங்களிலிருந்து ‘வெட்டிய குழல் உயர்ந்தது, இழுத்த குழல் தாழ்ந்தது’ என்று முடிவு கட்டுவது தவறு. பெஞ்ச்ரெஸ்ட் எனப்படும், மேசைமேல் வைத்துச் சுடும் துல்லியப் போட்டிகளில் ஷிலன், ஹார்ட் போன்ற பட்டறைகளின் பட்டன் குழல்கள் பல பத்தாண்டுகளாக வென்றிருக்கின்றன. முறை எதுவானாலும், துளை ஒரு முனை முதல் மறுமுனை வரை ஒரே அளவாக, வழவழப்பாக இருப்பதே துல்லியத்தைத் தருகிறது. பட்டன் முறையிலும் அதைச் சாதிக்கலாம். நேரம் குறைவதால் விலையும் குறைகிறது.

அப்படியும் உயர்ந்த குழல் சராசரியில் கொஞ்சம் இறுக்கமாகக் குறி சேர்க்கும் என்றே ஒப்புக்கொள்வோம். கால் மினிட் வித்தியாசம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மினிட் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 கஜத்தில் அது ஏறக்குறைய ஓர் அங்குலம், 1,000 கஜத்தில் பத்தரை அங்குலம். எனவே கால் மினிட் என்பது 1,000 கஜத்தில் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல். அதே தூரத்தில், பக்கவாட்டுக் காற்றின் வேகத்தை மணிக்கு ஒரே ஒரு மைல் தவறாக மதிப்பிட்டால், 6.5 கிரீட்மோரின் குண்டு சுமார் ஆறு அங்குலம் விலகிப்போகும். புதிதாகப் பழகுகிறவர் காற்றை இரண்டு மூன்று மைல் தவறாகக் கணிப்பது சகஜம். 450 டாலர் கொடுத்து வாங்கிய இரண்டரை அங்குலம் அங்கே காணாமல் போய்விடுகிறது. காற்றைப் படிக்கும் திறமை சுட்டுச் சுட்டுத்தான் வரும், அதற்குத் தோட்டாதான் வேண்டும். நீண்ட தூர எஃப்-கிளாஸ் போட்டியில் பத்துப் புள்ளி வளையம் ஒரு மினிட் அகலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் அரை மினிட். காற்றை நன்றாகப் படித்து, எக்ஸ் எண்ணிக்கையில்தான் வெற்றி தோல்வி என்ற நிலைக்கு வந்துவிட்டவருக்கு அந்தக் கால் மினிட் உண்மையிலேயே பெரிது. அவர் உயர்ந்த குழலை வாங்குவது நியாயம். மற்றவர்கள் அவரைப் பார்த்து வாங்குவதில்தான் பணம் வீணாகிறது.

தோட்டாவின் பங்கு எவ்வளவு என்பதற்குச் சான்று .22 ரைஃபிள் போட்டிகளில் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பிரிவின் முன்னணி வீரர்கள் ஒரே நிறுவனத்தின், ஒரே வகைத் தோட்டாவிலேயே பல தொகுதிகளைத் தங்கள் குழலில் சுட்டுப் பார்த்து, மிக நன்றாகப் பொருந்தும் தொகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். லாபுவா, எலி போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே சோதனை மையங்கள் நடத்துகின்றன. குழல் மாறவில்லை, தோட்டாவின் பெயரும் மாறவில்லை, தொகுதி எண் மாறியதும் இலக்கில் குறியின் வட்டம் மாறுகிறது. நடுத்தரக் குழலுக்குப் பொருத்தமான தோட்டாவைத் தேடிச் செலவிடும் நூறு டாலர் வீண்போகாது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

‘ஆனால் என் நண்பரின் விலையுயர்ந்த குழல் அரை அங்குலத்துக்குள் மூன்று குண்டுகளைப் போடுகிறதே’ என்று சிலர் காட்டுவார்கள். மூன்று குண்டுகள் எதையும் நிரூபிப்பதில்லை. ஒரே ரைஃபிளில் பத்துக் குண்டு சுட்டால், வட்டம் மூன்று குண்டு வட்டத்தைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாக விரியும். இது புள்ளியியல், ரைஃபிளின் குற்றம் அல்ல. பத்துப் பத்தாகச் சுட்டு ஒப்பிடாதவரை இரண்டு குழல்களில் எது மேல் என்று சொல்வதற்கில்லை.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. அவற்றில் முதலாவது முறுக்கு, அதாவது புரி எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பது. இது தவறினால் எந்த விலைக் குழலும் உதவாது. 1879-இல் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் தந்த எளிய வாய்பாடு இன்றும் தோராயக் கணக்குக்குப் போதும்: குண்டின் விட்டத்தை வர்க்கப்படுத்தி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். விட்டம் 0.308 அங்குலம், நீளம் 1.2 அங்குலம் என்றால் விடை ஏறக்குறைய 12. பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். குண்டு நீண்டால் முறுக்கு வேகமாக வேண்டும். அமெரிக்கப் படையின் எம்16 ரைஃபிளில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருந்த முறுக்கு, நீளமான குண்டுகள் வந்த பிறகு எம்16ஏ2-வில் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக மாறியது. கழிவு விலையில் கிடைக்கிறதே என்று பழைய முறுக்குள்ள குழலை வாங்கிவிட்டு, அதில் இன்றைய நீண்ட குண்டைப் போட்டால் அது நிலைகொள்ளாமல் தள்ளாடிப் போகும்.

இரண்டாவது, பொருத்தம். 1958-இல் வந்த சாவேஜ் 110 ரைஃபிளில் குழலை ஒரு நட்டால் இறுக்கும் அமைப்பு இருந்தது. இதனால் போல்ட் முகத்துக்கும் அறைக்குள் தோட்டா தங்கி நிற்கும் இடத்துக்கும் இடையிலான ஹெட்ஸ்பேஸை லேத் பட்டறைக்குப் போகாமலே சரிசெய்ய முடிந்தது. தயார்க் குழல்களின் சந்தைக்கு அந்த நட்டு பெரிய துணை. ரெமிங்டன் 700 போன்ற மற்ற ரைஃபிள்களுக்கும் இன்று நட்டுக் குழல்கள் வந்துவிட்டன. முன்னே சொன்ன 400 டாலர் கூலி மிஞ்சுவது இதனால்தான். ஆனால் 62,000 பவுண்டு அழுத்தம் சுடுகிறவரின் முகத்துக்கு அருகில் எழுகிறது. அளவுமானிகளால் ஹெட்ஸ்பேஸை அனுபவமுள்ள கன்ஸ்மித் ஒருவர் சரிபார்க்காமல் முதல் தோட்டாவைப் போடக் கூடாது. அதற்கு ஆகும் சிறு கூலியைக் குறைக்க நினைப்பது சிக்கனமல்ல, ஆபத்து.

மற்ற அலங்காரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழலின் வெளியே நீளவாட்டில் போடும் பள்ளங்கள் எடையைக் கொஞ்சம் குறைக்கும், துல்லியத்தைக் கூட்டாது. கார்பன் இழை சுற்றிய குழல் மலையேறி வேட்டைக்குப் போகிறவருக்குப் பயன்படும், மேசைமேல் வைத்துச் சுடுகிறவருக்கு வேண்டாத செலவு. குரோம்-மாலிப்டினம் எஃகா, துருப்பிடிக்காத எஃகா என்ற வழக்கில் விலை வித்தியாசம் சிறிது, இலக்கில் தெரியும் வித்தியாசம் அதைவிடச் சிறிது. ஈரப்பதம் மிகுந்த ஊரென்றால் இரண்டாவதை எடுக்கலாம். புது ரைஃபிளிலிருந்து கழற்றி விற்கப்படும் தொழிற்சாலைக் குழல்கள் பல நேரம் மிக மலிவு. உள்நோக்கிக் கருவியால் தொண்டையைப் பார்த்துவிட்டு வாங்கினால், முதல் ரைஃபிளுக்கு அதுவே போதுமானது.

கடைசியாக ஓர் எதிர்வாதம் மிஞ்சுகிறது: மலிவான குழல் ஒரு சூதாட்டம், நல்லதும் வரலாம், மோசமானதும் வரலாம் என்பது. 200 டாலர் குழல்களைப் பொறுத்தவரை இது உண்மை. அந்த விலையில் மெருகேற்றலும் சோதனையும்தான் முதலில் குறைக்கப்படும். கரடான துளையில் செம்பு படிந்து, சுத்தம் செய்வதே வேலையாகிவிடும். அதனால்தான் அடிமட்ட விலையை விட்டுவிட்டு நடுத்தர விலையைச் சொல்கிறேன்: இறுக்கம் தணித்து, கையால் மெருகேற்றி, துல்லியத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் தரும் பட்டறையின் பட்டன் குழல். ஆயுள் நீண்ட தோட்டா, சுடப்போகும் குண்டுக்கேற்ற முறுக்கு, 24 அங்குல நீளம், கொஞ்சம் கனமான உடல், கன்ஸ்மித்தின் கையால் ஒரு சரிபார்ப்பு. முதல் முறையாக ரைஃபிள் சேர்க்கிறவர் இதை வாங்கினால் போதும். 450 டாலருக்குத் தோட்டா வாங்கி, இந்தக் குழல் தேயும்வரை சுடட்டும். அடுத்த குழலுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அவருடைய இலக்குத் தாள்களே அவருக்குச் சொல்லிவிடும்.