பழைய காருக்கு எந்த ஆயில் ஊற்றலாம்?

பழைய கார் வைத்திருக்கிறீர்களா? மலைப்பாதையில் ஓட்டுவது உண்டா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

தேனி மாவட்டத்தில் மலை அடிவாரத்தில் உள்ள ஊர் கம்பம். மலைக்கு அப்பால் கேரளா. ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம் மெட்டு, குமுளி மலைப்பாதைகளில் ஏறி இறங்குகின்றன.

இந்தப் பாதைகள் பழைய காருக்குப் பெரிய சோதனை. இரண்டாம் கியரிலேயே நெடுந்தூரம் ஏற வேண்டும். என்ஜின் கொதிக்கும். அப்போது இரும்போடு இரும்பு உரசாமல் காப்பது ஆயில்தான். ஆயில் சரியில்லை என்றால் பேரிங் தேயும். என்ஜின் ஜாம் ஆகிவிடும்.

அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-ம் ஆண்டில் நின்றுவிட்டது. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நின்று வெகு காலம் ஆகிறது. அதற்கெல்லாம் உதிரிப் பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. எனவே, இருக்கும் என்ஜினைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம்.

டப்பாவில் உள்ள எண் என்ன?

ஆயில் டப்பாவில் "20டபிள்யூ-50" என்று போட்டிருக்கும். முதல் எண் குளிருக்கு. இரண்டாவது எண் சூட்டுக்கு. எண் கூடினால் ஆயில் கெட்டி.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது. அடுப்பில் வைத்தால் தண்ணீராக ஓடுகிறது. என்ஜின் ஆயிலும் குளிரில் கெட்டியாகும், சூட்டில் இளகும். அதை அளந்து சொல்லவே இந்த எண்கள். அமெரிக்க மோட்டார் என்ஜினீயர்கள் சங்கம் 1911-ம் ஆண்டில் இந்த முறையைத் தொடங்கியது.

கம்பத்தில் பனி உறைவது இல்லை. ஆகவே, இரண்டாவது எண்ணைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் பழைய பெட்ரோல் கார்களுக்கு 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆயில்களே பெரும்பாலும் பொருந்தும். காருடன் வந்த கையேடு இருந்தால், அதில் சொன்னதே முதல் விதி.

விலை கூடினால் நல்லதா?

இல்லை! புதுக் கார்களுக்கான 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 ஆயில்கள் மிகவும் மெல்லியவை. பழைய என்ஜினில் பாகங்களுக்கு இடையே இடைவெளி அதிகம். மெல்லிய ஆயில் அங்கே நிற்காது. கசியவும் கூடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய என்ஜினில் கேம் ஷாப்டும் டேப்பட்டும் நேராக உரசும். அவை தேயாமல் காப்பது ஆயிலில் கலக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் மருந்து. புதுக் கார்களின் புகைக் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி இருக்கிறது. பாஸ்பரஸ் அதைக் கெடுக்கும். அதனால் புது ஆயில்களில் இந்த மருந்தைக் குறைத்துவிட்டார்கள். பழைய காருக்கு வாங்கும்போது, இந்த மருந்து போதிய அளவு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

கெட்டி ஆயில் ஆபத்து

புகை வருகிறது என்று சிலர் மிகக் கெட்டியான ஆயிலை ஊற்றுவார்கள். இது நோயை மறைக்கும், தீர்க்காது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். அந்த நேரத்தில் என்ஜின் தேயும்.

பல ஆண்டுகள் கவனிக்காத என்ஜினில் கசடு படிந்திருக்கும். இன்றைய ஆயிலில் அழுக்கை நீக்கும் மருந்து உண்டு. அது கசடைக் கிளப்பி, ஆயில் போகும் வழியை அடைத்துவிடலாம். ஆகவே, முதலில் மெக்கானிக்கிடம் சொல்லி அடியில் உள்ள ஆயில் தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு புது ஆயில் ஊற்றுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி மாற்றுங்கள்.

புறப்படும் முன்...

* சமதளத்தில் காரை நிறுத்தி, ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால், ஏற்றத்திலும் வளைவிலும் ஆயில் ஒரு பக்கம் சாயும். பம்பு காற்றை உறிஞ்சும்.

* ஓடாமல் நிற்கும் காரிலும் ஆயில் கெடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள்.

* மலையில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால், "ஊர் வந்துவிடும்" என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி, உடனே என்ஜினை நிறுத்துங்கள்.

சில நூறு ரூபாய் ஆயில், பல ஆயிரம் ரூபாய் என்ஜினைக் காக்கும்!