தாடை வலிக்கு ₹80,000 எஸ்டிமேட்டா? இஎம்ஐ போடும் முன் இதைப் படிங்க

இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டு இல்லை, பல்.

காலையில் எழுந்ததும் காதுக்கு முன்னால் வலி, வாயைத் திறந்தால் 'கிளிக்'னு ஒரு சத்தம். ராத்திரி பூரா குறட்டைன்னு வீட்டில் புகார், பகலில் மீட்டிங்கிலேயே கண் சொக்குது. மயிலாப்பூரில் பல் கிளினிக்குக்குப் பஞ்சமில்லை, லஸ் பக்கம் ஒன்றில் காட்டுறீங்க. "ரெண்டுக்கும் சேர்த்து ஒரே அப்ளையன்ஸ்" என்று எஸ்டிமேட் வருது. உதாரணத்துக்கு ₹80,000 என்று வைப்போம்.

நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். ஆனா இந்த பில்லில் கேட்க வேண்டிய முதல் கேள்வி மருத்துவக் கேள்விதான்: இது எந்த நோய்க்கான கருவி?

பல்லைக் கடிக்கும் பழக்கத்துக்கும் தாடை வலிக்கும் தரும் ஸ்பிளின்ட், மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் சும்மா உட்காரும். தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியாவுக்கான கருவி, கீழ்த் தாடையை முன்னால் இழுத்துப் பிடித்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும். அப்படி இழுப்பதாலேயே சிலருக்குத் தாடை மூட்டு வலி வரும், நாளாக ஆகக் கடியும் மாறலாம். அதனால் ரெண்டு தொல்லையும் இருக்கிறவர், "என் மூட்டு இதைத் தாங்குமா?" என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

ஆப்னியாவை குறட்டைச் சத்தத்தை வைத்து முடிவு பண்ண முடியாது. தூக்கப் பரிசோதனை வேணும். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் இறந்தபோது மருத்துவமனை சொன்ன காரணத்தில் இந்த நோயின் பெயர் இருந்தது. விளையாட்டில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ, பல் மருத்துவ அமைப்புகளின் 2015 வழிகாட்டுதல், சிபாப் மெஷின் ஒத்துக்காதவங்களுக்கும் வேறு வழி விரும்புறவங்களுக்கும் வாய்க்கருவியைச் சொல்லுது. கருவி போட்ட பிறகு, அது வேலை செய்யுதான்னு மறுபடி டெஸ்ட் எடுக்கவும் சொல்லுது. அந்த ரெண்டாவது டெஸ்ட் செலவு எஸ்டிமேட்டில் இருக்கான்னு பாருங்க.

தாடை வலிக்கு? நாள்பட்ட வலி பற்றி 2023-ல் பிஎம்ஜே இதழில் வந்த வழிகாட்டுதல், தாடைப் பயிற்சி, பிசியோதெரபி மாதிரியான விஷயங்களைத்தான் வலுவாகப் பரிந்துரைக்குது. கழற்றி மாட்டும் ஸ்பிளின்ட்டுக்கே அங்கே ஆதரவு இல்லை. அப்புறம் பல்லைத் தேய்த்து, வரிசையா கேப் போட்டு 'கடியைச் சரி பண்றேன்' என்றால், திரும்பி வர முடியாத வழி அது. இன்னொரு டாக்டரைப் பாருங்க. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டை ஸ்டேஷன். அரசு பல் மருத்துவக் கல்லூரி அந்தப் பக்கம்தான்.

இப்போ காசு. கம்பெனி இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பலவற்றில் பல் சிகிச்சை, விபத்து அல்லது அட்மிஷன் இருந்தால்தான். அப்ளையன்ஸ் ஓபிடி செலவு, பெரும்பாலும் கையிலிருந்துதான் போகும். டெஸ்டுக்காக மட்டும் அட்மிட் ஆனாலும் கிளெய்ம் கிடைக்காது. ஐஆர்டிஏஐ வகுத்த விலக்குகளில் நாலாவது அதுதான். ஓபிடி லிமிட் இருக்கான்னு எச்ஆரிடம் கேளுங்க. வரி விஷயத்தில், புது முறையில் 80டி கழிவே கிடையாது. பழைய முறையிலும் பிரீமியமும் ₹5,000 வரை முன்தடுப்புப் பரிசோதனையும்தான். நம்ம வயசுக்காரங்களோட சிகிச்சை பில் அதில் வராது.

கிரெடிட் கார்டில் 12 மாத இஎம்ஐ, 15% வட்டி என்றால் ₹80,000-க்கு மாதம் சுமார் ₹7,220. வட்டி மட்டும் ₹6,650 கிட்ட, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி ஏறக்குறைய ₹1,200. பிராசஸிங் ஃபீஸ் தனி. 'நோ காஸ்ட்' என்றாலும் ஜிஎஸ்டியும் ஃபீஸும் எட்டிப் பார்க்கும்.

சிபாப் மெஷினை செகண்ட் ஹேண்டில் தேடுறவங்களுக்கு: உள்ளே இருக்கும் ஃபோம் சிதைவதால் பிலிப்ஸ் 2021 ஜூனில் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. மாடலும் சீரியல் நம்பரும் பார்க்காமல் வாங்காதீங்க.

சொந்தமா ஹெல்த் பாலிசி இன்னும் எடுக்கலையா? டெஸ்டில் ஆப்னியா வந்திருந்தால் புரபோசல் ஃபார்மில் மறைக்காமல் எழுதுங்க. 2024 ஏப்ரல் விதிப்படி ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான். ஓபிடி ரைடர் கட்டுப்படியாகுமான்னு அடுத்த வீடியோவில் கணக்குப் போட்டுக் காட்டுறேன்.